தொலைபேசியில் வரும் நர்ஸ்: கடும் நோயாளிக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பு

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், புற்றுநோயோடு படுத்திருக்கும் ஒருவர் கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் எழும்ப வேண்டும். லயத்திலிருந்து ரோட்டுக்குப் படி இறங்க வேண்டும். நடக்க முடியாவிட்டால் கதிரையில் வைத்துத் தூக்க வேண்டும். ஓட்டோ, பிறகு பஸ், ஹட்டனில் இறங்கி இன்னொரு பஸ். கினிகத்தேனை வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலும் எலும்பில் இறங்கும். கூடப் போகிற மகளுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. அங்கே மருத்துவரைப் பார்ப்பதோ சில நிமிடம். திரும்பி வந்து படுத்த பிறகு, அடுத்த கிளினிக் நாள்வரை, அந்த வீட்டில் வலி கூடினால், வாந்தி நிற்காவிட்டால், மருந்தை எப்படிக் கொடுப்பது என்று குழம்பினால், கேட்க ஆளில்லை.

அந்த இடைவெளியில் வேலை செய்வதுதான் தொலைபேசி வழி நோய்த்தணிப்புப் பராமரிப்பு. பயிற்சி பெற்ற தாதி ஒருவர் குறித்த நாளில், குறித்த நேரத்தில், தானே அழைக்கிறார். வலி, மூச்சு, தூக்கம், சாப்பாடு, மலம், மனம் எல்லாவற்றையும் ஒழுங்காக விசாரிக்கிறார். வீட்டில் இருக்கும் மருந்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்லித் தருகிறார். மாற்றம் தேவையென்றால் மருத்துவரிடம் பேசி, அவர் சொன்னதை அன்றைக்கே வீட்டுக்குத் தெரிவிக்கிறார். "தானே அழைக்கிறார்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவசரத்துக்கு நாம் அழைக்கும் இலக்கங்கள் வேறு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தாய், வலி தாங்க முடியாமல் போனாலும், "மிஸ்ஸுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று இரவெல்லாம் விழித்திருப்பார். அவர் அழைப்பார் என்று காத்திருந்தால் அழைப்பே வராது.

நோய்த்தணிப்பு என்றால் என்ன

"இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று சொன்ன பிறகு கிடைப்பதுதான் நோய்த்தணிப்பு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அது பிழை. கீமோ சிகிச்சை நடக்கும்போதே, டயாலிசிஸ் நடக்கும்போதே, இதயத்துக்கு மருந்து எடுக்கும்போதே இதுவும் கூடவே நடக்கலாம், நடக்கவும் வேண்டும். நோயை மாற்ற முடிந்தாலும் முடியாவிட்டாலும், அந்த மனிதர் படும் பாட்டைக் குறைப்பது இதன் வேலை. புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் இல்லை. இதயம் பலவீனமானவர், சிறுநீரகம் செயலிழந்தவர், அடுப்புப் புகையிலும் பீடியிலும் நுரையீரல் கெட்டவர், பக்கவாதத்தில் படுத்தவர், மறதி நோயில் தன் பிள்ளையையே தெரியாமல் போனவர் எல்லாருக்கும் உரியது.

இத்துறைக்கு இன்றைய வடிவம் கொடுத்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதியாக இருந்தவர். பிறகு மருத்துவச் சமூகப் பணியாளரானார், அதற்குப் பிறகு மருத்துவரானார். 1967இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். வலியை அவர் உடலோடு நிறுத்தவில்லை. உடல், மனம், குடும்பமும் பணமும், "எனக்கு ஏன் இது" என்ற கேள்வி ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒருவருடைய முழு வலி என்றார். லயத்தில் இதை விளக்கவே தேவையில்லை. மூத்த மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்ற கவலை இடுப்பு வலியை இரட்டிப்பாக்கும். அதையும் கேட்கிற தாதிதான் மருந்தின் அளவைப் பற்றிச் சரியான செய்தியை மருத்துவரிடம் கொண்டுபோக முடியும்.

போன் மட்டும் போதுமா

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்கள் மலையும் காடும் சிதறிய ஊர்களும் நிறைந்தவை. அங்கே முற்றிய புற்றுநோயுள்ள 322 பேரை வைத்து நடந்த எனேபிள் என்ற ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு தாதியின் தொலைபேசி அழைப்பும் கிடைத்தது: வாரம் ஒன்றாக 4 அமர்வுகள், பிறகு மாதந்தோறும் தொடர் அழைப்பு. அழைப்புக் கிடைத்தவர்களின் வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மேம்பட்டன. ஆனால் வலி முதலான உபாதைகளின் கடுமையில் தெளிவான குறைவு தெரியவில்லை. வைத்தியசாலையில் தங்கிய நாட்களும் குறையவில்லை.

இந்த முடிவின் இரண்டாம் பாதியை மறைக்காமல் சொல்வது முக்கியம். நல்ல பேச்சு மனதைத் தாங்கும். எலும்பில் பரவிய வலியைத் தணிக்க மருந்து வேண்டும். வீட்டில் மருந்து இல்லாமல், அளவை மாற்ற அதிகாரமுள்ள மருத்துவர் தாதிக்குப் பின்னால் இல்லாமல், அழைப்பு மட்டும் நடந்தால் அது நலம் விசாரிப்பு. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் சிகிச்சை என்று சொல்ல முடியாது. ஆகவே மலையகத்தில் இப்படி ஒரு சேவையைத் தொடங்க நினைப்பவர்கள் போன் வாங்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியை ஒரு தடவையாவது நேரில் பார்த்துப் பரிசோதித்த மருத்துவர் யார்? தேவையான மருந்து வீட்டுக்கு மிக அருகில் எந்த வைத்தியசாலையில் கிடைக்கும்? தாதி மருத்துவரை அழைத்தால் அன்றைக்கே பதில் வருமா? இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அழைப்பு நடக்கும், நோயாளி படும் பாடு அப்படியே இருக்கும்.

முதல் அழைப்புக்கு முன்

முதல் சந்திப்பு நேரில் நடப்பது நல்லது. வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாள் அதற்கு மிகப் பொருத்தம். அன்றைக்கு நோயாளியிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும்: "வீட்டுக்குப் போன பிறகு நான் போன் பண்ணிக் கேக்கலாமா? யாரோட பேசலாம்? உங்க வருத்தத்தைப் பத்தி வீட்டில யாருக்கெல்லாம் தெரியும்?" கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் பெரிய சிக்கல் வரும். பிள்ளைகளுக்குத் தெரியும், அம்மாவுக்குச் சொல்லவில்லை என்ற நிலை நம் குடும்பங்களில் சாதாரணம். அது தெரியாமல் ஸ்பீக்கரில் தாதி "கேன்சர்" என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அடுத்த அழைப்பை யாரும் எடுக்க மாட்டார்கள்.

பதிவுத் தாளில் பெயர், நோய், மருந்து, அளவு ஆகியவற்றோடு சேர வேண்டிய விவரங்கள் சில உண்டு. தோட்டம், அதன் டிவிஷன் (பிரிவு), லயத்தின் இலக்கம். அம்புலன்ஸ் எதுவரை வரும், அதற்கு மேல் எத்தனை பேர் தூக்க வேண்டும். போன் யாருடையது, அவர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார். பெரும்பாலும் அது மகனுடைய போன். பகலில் அவரோடு கொழும்புக்கோ நுவரெலியா மரக்கறித் தோட்டத்துக்கோ போய்விடும். அதனால் மாலை ஐந்தரை மணிக்கு மேல், கொழுந்து நிறுத்து மகள் வீடு திரும்பிய பிறகு அழைப்பது பலன் தரும். அலுவலக நேரத்துக்குள் மட்டும் அழைக்கும் சேவை மலைநாட்டில் பாதி வீடுகளைத் தவறவிடும்.

கவரேஜ் ஒரு தனிப் பாடு. லயத்துக்குள் சிக்னல் இல்லை, கோயில் பக்கத்து மேட்டில்தான் இருக்கிறது என்றால் படுத்திருப்பவரோடு நேரே பேச முடியாது. அப்படிப்பட்ட வீட்டில், பராமரிப்பவர் மேட்டுக்கு வருமுன் பார்த்துவர வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்: எத்தனை தடவை மருந்து கொடுத்தேன், எத்தனை தடவை இடையில் கேட்டார், கடைசியாக மலம் போனது எந்த நாள், ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு, மருந்து எவ்வளவு மிச்சம். இரண்டாவது இலக்கமாகப் பக்கத்து வீடு, பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பொறுப்பாளர், தோட்டத்து டிஸ்பென்சரி இவற்றில் ஒன்றை நோயாளியின் சம்மதத்தோடு எழுதி வைக்கலாம். ரீலோட் பண்ணக் காசில்லை என்பதால் யாரும் பேசாமல் இருந்துவிடக் கூடாது. "மிஸ்டு கோல் ஒண்ணு குடுங்க, நான் எடுக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்ட வேண்டும். போனுக்குள் மட்டும் இருந்தால், சார்ஜ் தீர்ந்த இரவில் இலக்கமும் கூடவே போய்விடும்.

"பரவால்ல மிஸ்"

அழைப்பின் தொடக்கம் எளிது. யார், எங்கிருந்து பேசுகிறேன், இப்போது பேசலாமா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா. முதலில் நோயாளியோடு பேச வேண்டும். பிறகு பராமரிப்பவரோடு, முடிந்தால் அவர் வெளியே வந்து நிற்கும்போது. மெல்லிய சுவரும் ஒரே அறையுமான லயத்தில் தனிமை கிடைக்காது. மலம், சிறுநீர், பயம் பற்றிக் கேட்கும்போது "ஆமா, இல்லனு மட்டும் சொன்னா போதும்மா" என்று தொடங்கினால் உண்மை வரும்.

"எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் வரும் பதில் "பரவால்ல மிஸ்". இந்தச் சொல்லைப் பதிவுத் தாளில் எழுதக் கூடாது. அது மரியாதைச் சொல். அதற்குப் பின்னால் 10க்கு 8 வலியும் இருக்கலாம். பூச்சியத்திலிருந்து பத்துவரை என்ற அளவு உலகெங்கும் பயன்படுகிறது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரிடம் அதை விரலில் கேட்கலாம்: "ரெண்டு கையையும் விரிச்சு வைங்க. பத்து விரலும் தாங்கவே முடியாத வலி. இப்ப எத்தனை விரல்?" பேரப்பிள்ளை எண்ணிச் சொல்லும். அதைவிட நம்பகமானது, வலி எதைத் தடுக்கிறது என்று கேட்பது. நேற்று ராவு எத்தனை தடவை முழிப்பு வந்தது? தண்ணிப் பீலிவரைக்கும் நடக்க முடிந்ததா? தலை பின்ன உட்கார முடிந்ததா? போன கிழமை வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்தவர் இந்தக் கிழமை எழும்பவில்லை என்றால், அவர் எத்தனை விரல் காட்டினாலும் நிலைமை மாறியிருக்கிறது.

வலிக்கு அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், "வலி" என்று சுருக்கிவிடக் கூடாது. "குடையுது" என்பது பெரும்பாலும் எலும்பு. "சுள்ளுனு இழுக்குது", "எரியுது", "கரண்ட் அடிச்ச மாதிரி" என்றால் நரம்பு. அதற்கு, கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் என்ற மருந்தோடு அமிட்ரிப்டிலின் போன்ற வேறு மருந்தும் தேவைப்படலாம். வயிற்றைப் "பிசையுது", வந்து வந்து போகுது என்றால் குடல். கையால் தொட்டுப் பார்க்க முடியாத தாதிக்கு இந்தச் சொற்கள்தாம் விரல்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும்போது முதலில் காணாமல் போவதும் இவைதாம். மலைநாட்டுத் தமிழ் புரிகிற ஒருவர் அழைப்பது பெரிய வித்தியாசத்தைத் தருவது இதனால்தான்.

காது வேறு பலவற்றையும் பிடிக்கும். ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண முடிகிறதா? வசனத்தின் நடுவே மூச்சு வாங்குகிறாரா? குரல் குழறுகிறதா, பேச்சின் பாதியில் தூங்கிப்போகிறாரா? மூச்சின் எண்ணிக்கை தேவையென்றால் பராமரிப்பவர் நோயாளியின் வயிற்றைப் பார்க்க வேண்டும், ஒரு தடவை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. தாதி கடிகாரத்தைப் பார்த்து "இப்ப தொடங்குங்க", "நிப்பாட்டுங்க" என்று சொல்வார். முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணிப் பெருக்கினால், மூச்சு சீராக இல்லாதவரிடம் கணக்குப் பிழைக்கும்.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை அதற்குப் பெரும் காரணம். வாயில் புண்ணும் கட்டியும் உள்ளவரால் போனில் பேச முடியாது. அதற்காக அவரைத் தாண்டி மகளிடம் மட்டும் பேசிவிடுவது அநியாயம். போனைக் கட்டில் சட்டத்தில் வைத்து, ஒரு தட்டு ஆம், இரண்டு தட்டு இல்லை என்று ஒழுங்கு செய்துகொண்டால் அவரே பதில் சொல்வார். அவருக்கு மாத்திரை விழுங்க முடிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். விழுங்க முடியாமல், மெதுவாகக் கரையும் 12 மணி நேர மோர்பின் மாத்திரையை வீட்டில் இடித்துக் கொடுத்துவிடுவதுண்டு. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். அது ஆபத்து.

மோர்பின் கணக்கு

பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கீழே வருவது கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்டும் உதாரணம். யாருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர் மட்டுமே முடிவு செய்வார். வயது, சிறுநீரகம், மூச்சு எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒருவருக்கு எழுதிய மோர்பினைப் பக்கத்து லயத்தில் வலியால் துடிக்கும் இன்னொருவருக்கு இரக்கப்பட்டுக் கொடுக்கவே கூடாது.

சாதாரண மோர்பின் வாய்வழி கொடுத்தால் அதன் வேலை சுமார் 4 மணி நேரம் நிற்கும். ஆகவே வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வருமுன்னே மணி பார்த்துக் கொடுப்பது. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. நடுஇரவு 2 மணிக்கு எழுப்பாமலிருக்க, மருத்துவர் சொன்னால் இரவு 10 மணி வேளையை இரட்டிப்பாகக் கொடுப்பதுண்டு. ஒரு வேளைக்கு 5 மி.கி. என்றால் பகல் நான்கு வேளை 20, இரவு 10, நாளொன்றுக்கு 30 மி.கி. இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் உதவி வேளை, நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு: 5 மி.கி. அதைக் கொடுத்தால் அடுத்த வழமையான வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. நேற்று உதவி வேளை 3 தடவை தேவைப்பட்டது என்று மகள் சொன்னால், உண்மையில் உடம்பு கேட்டது 45 மி.கி. இந்தச் செய்தி மருத்துவரிடம் போனால் அவர் வேளைக்கு 7.5 மி.கி. என்று உயர்த்த யோசிக்கலாம். போகாவிட்டால் நோயாளி அடுத்த கிளினிக்வரை துடிப்பார். தாதியின் ஒரு அழைப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்.

இனி என்ன பிழைக்கும் என்று பார்ப்போம். திரவ மருந்தின் 5 மி.லீ.க்குள் 10 மி.கி. மோர்பின் இருந்தால், 5 மி.கி. என்பது 2.5 மி.லீ. போனில் "அஞ்சு" என்று மட்டும் காதில் விழுந்தால் மகள் 5 மி.லீ. கொடுப்பாள். இரண்டு மடங்கு. ஆகவே தாதி போனில் மி.கி. கணக்கைச் சொல்லவே கூடாது. போத்தலை எடுத்து வரச் சொல்லி, லேபிளில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கவைத்து, "சிரிஞ்சில ரெண்டரைக் கோடுவரைக்கும்" என்று சொல்ல வேண்டும். லேபிள் தமிழில் இல்லாவிட்டாலும் எண்கள் வாசிக்க முடியும். போட்டோ அனுப்பினால் இன்னும் நல்லது. வீட்டுக் கரண்டியால் அளக்கக் கூடாது, ஒரு கரண்டி போல இன்னொன்று இருக்காது. ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று மருந்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். புதுப் போத்தல் வந்தால் செறிவு மாறியிருக்கிறதா என்று பார்க்கும்வரை முதல் வேளையைக் கொடுக்காமல், உடனே மிஸ்டு கோல் கொடுக்கும்படி சொல்லி வைக்க வேண்டும்.

சொல்லி முடித்ததும், "நான் சொன்னத உங்க வாயால ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். "வெளங்குதா?" என்று கேட்டால் எல்லாரும் "வெளங்குது மிஸ்" என்பார்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் பிழை தெரியும்.

மோர்பின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வருவது ஏறக்குறைய நிச்சயம். நாள் போகப் போக அது தானாகச் சரியாவதும் இல்லை. அதனால் முதல் நாளிலிருந்தே செனா, பிசகோடில் போன்ற மலமிளக்கி கூடவே எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரோடு பேச வேண்டும். குமட்டலும் அரைத்தூக்கமும் முதல் சில நாட்களில் வந்து, பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தணியும். இதை முன்பே சொல்லாவிட்டால், மூன்றாம் நாள் "அந்த மருந்து ஒத்துக்கல" என்று போத்தல் அலுமாரிக்குள் போய்விடும்.

அளவு கூடிவிட்டதற்கு அடையாளம் வேறு: எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், கைகால் துள்ளல், இல்லாதது தெரிவது, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே போவது. இவற்றில் எதுவும் தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே அழைக்க வேண்டும். எழுப்பவே முடியாவிட்டால் அல்லது மூச்சு அப்படிக் குறைந்தால், தாதியின் பதிலுக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவரிடம் மோர்பின் உடம்பில் தேங்கும். அவருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று தவறாமல் கேட்க வேண்டும்.

"மோர்பின் குடுத்தா ஆள் முடிஞ்சிரும்" என்ற பயம் வீட்டில் மட்டுமில்லை, வாட்டிலும் இருக்கிறது. வலிக்கு ஏற்ற அளவில், படிப்படியாகக் கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. கடைசிக் காலத்தில் மட்டும் கொடுத்துப் பழகியதால், சாவும் மருந்தும் ஒன்றாகத் தெரிகின்றன. இந்தப் பயத்தால் ஒரு வேளையை மகள் ஒளித்துவைத்தால் திட்டக் கூடாது. அம்மா சாகக் கூடாது என்ற அன்பில் செய்தது அது. பயத்தைக் கேட்டு, பொறுமையாக விளக்க வேண்டும்.

பனடோல் பற்றியும் ஒரு வார்த்தை. 500 மி.கி. மாத்திரை நாளொன்றுக்கு 8க்கு மேல் கூடாது, மெலிந்தவருக்கு அதைவிடக் குறைவு. கிளினிக்கில் பரசிற்றமோல் என்று கொடுத்ததும் கடையில் வாங்கிய பனடோலும் ஒரே மருந்து என்று பலருக்குத் தெரியாது. "கடையில என்ன வாங்கினீங்க?" என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்பது வீண் கேள்வி இல்லை.

காத்திருக்கக் கூடாதவை

சில உபாதைகளைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கீமோ எடுத்தவருக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது தேர்மோமீற்றரில் 100.4 பாகை பரனைட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலை. கீமோ முடிந்து 7 முதல் 14 நாள்வரை இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்திருக்கும். அளக்குமுன் பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிடக் கூடாது. புற்றுநோயாளிக்குப் புதிய முதுகுவலியோடு கால் பலமிழந்தால், மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தால், அது முள்ளந்தண்டை நெருக்கும் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே போனால் நடையைக் காப்பாற்ற முடியும், இரண்டு நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் முடியாது. திடீரென முகமும் கழுத்தும் வீங்குவது, வயிறு உப்பி வாந்தி நிற்காமல் காற்றும் பிரியாதது, புதிதாக வந்த குழப்பம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, டிவிஷனையும் அருகிலுள்ள ரோட்டுச் சந்தியையும் சொல்ல வேண்டும். லயம்வரை வண்டி வராத இடத்தில், வண்டி புறப்பட்டதுமே நோயாளியை ரோட்டுக்கு இறக்கத் தொடங்க வேண்டும். சாக விரும்புவதாக நோயாளியோ, களைத்துப்போன பராமரிப்பவரோ சொன்னால் அதைக் கடந்துபோகாமல் நேரே கேட்டுப் பேச வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 அந்த வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

அவசரமல்லாத மூச்சுமுட்டலுக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. அடுப்புப் புகை வராத பக்கம் கட்டிலைத் திருப்புவது. குளிர் என்று இறுக்கி மூடிய ஜன்னலைக் கொஞ்சம் திறப்பது. தலையணையை மடியில் வைத்து முன்னால் சாய்ந்து உட்காரவைப்பது. கையடக்க விசிறியாலோ கொப்பி மட்டையாலோ முகத்துக்கு நேரே வீசுவது. முகத்தில் படும் காற்று மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்கும். நுவரெலியாக் குளிரில் கால் மரத்துப்போனவருக்குச் சுடுதண்ணிப் போத்தல் வைப்பார்கள். சூடு தெரியாத தோலில் அது கொப்புளம் போடும். துணியில் சுற்றி, முதலில் தன் கையில் வைத்துப் பார்க்கும்படி சொல்ல வேண்டும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு அழைப்பு? மருந்தின் அளவு மாறினால் மறுநாளே. உபாதை கட்டுக்குள் வராதவரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. நிலையாக இருப்பவருக்குக் கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு ஒன்று. கடைசி நாட்களில் தினமும். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அடுத்த அழைப்பின் நாளையும் நேரத்தையும் சொல்ல வேண்டும்; சொன்ன நேரத்தில் அழைக்கவும் வேண்டும். மாலை ஆறு மணிக்கு மிஸ் பேசுவார் என்று அந்த வீடு போனைப் பக்கத்தில் வைத்துக் காத்திருக்கும்.

கடைசி நாட்கள்

படுக்கையை விட்டு எழும்பாமல், நாளின் பெரும்பகுதி தூங்கி, ஒரு மிடறு தண்ணிக்கு மேல் இறங்காமல் போகும்போது குடும்பத்துக்குப் பெரிய வேதனை "சாப்பிடலியே" என்பதுதான். பட்டினியால் சாகிறார் என்று நினைத்துக் கஞ்சியை ஊட்டுவார்கள். விழுங்கும் சக்தி போனவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும். "சாப்பிடாததால அவர் போகல்ல, உடம்பு ஓயுறதால சாப்பாடு வேண்டாம்னு சொல்லுது" என்று தாதி மெதுவாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது. கை சும்மா இருக்க மாட்டாது என்பதால் வேறு வேலை கொடுக்க வேண்டும்: சுத்தமான மெல்லிய துணியைத் தண்ணியில் நனைத்துப் பிழிந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாயையும் உதட்டையும் ஈரப்படுத்துவது, ஏறக்குறைய அதே இடைவெளியில் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, குதிகாலும் இடுப்பு எலும்பும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது.

மூச்சு வேகமாக வந்து, சிறிது நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கறகற என்று சத்தம் வரும். கைகால் குளிர்ந்து நீலம் பாரிக்கும். இவை வருமென்று முன்பே சொல்லப்பட்ட வீட்டில் பதற்றம் குறையும். தொண்டைச் சத்தம் கேட்கிறவருக்குத்தான் கொடுமை; அரைமயக்கத்தில் இருப்பவர் அதை உணர்வது குறைவு. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் சத்தம் தணியலாம். பதில் சொல்லாவிட்டாலும் காது கேட்கலாம் என்பதால், அவருக்குப் பக்கத்தில் அவரோடு பேசச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளின் அழைப்பை அந்தக் காதருகே ஸ்பீக்கரில் வைக்கலாம். வாயால் மருந்து கொடுக்க முடியாத நிலை வருமுன்னே, என்ன செய்வது, பிரதேச வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே வைத்திருப்பதா என்று மருத்துவரும் குடும்பமும் பேசி முடித்திருக்க வேண்டும். நடுச்சாமத்தில், மழையில், போனில் எடுக்கக்கூடிய முடிவு அது இல்லை.

வீட்டில் மரணம் நேர்ந்தால் யாரிடம் அறிவிப்பது, தோட்ட அலுவலகத்திலா கிராம உத்தியோகத்தரிடமா, எந்தக் கடதாசிகளைக் கையில் வைத்திருப்பது என்பதையும் முன்பே சொல்லி வைத்தால் அந்த நாளில் மகன் அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியையும் வைத்தியசாலைக் கடிதங்களையும் ஒரே பையில் போட்டு வைக்கச் சொல்லலாம்.

அதன் பிறகும் இரண்டு அழைப்பு இருக்கிறது. ஒன்று சில நாளுக்குள்: மிச்ச மோர்பினை யாருக்கும் கொடுக்காமல், குப்பையில் போடாமல், வாங்கிய வைத்தியசாலையிலேயே திருப்பிக் கொடுக்கும்படி சொல்ல. இன்னொன்று பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் திரும்பிப் போன பிறகு. அந்த அழைப்பில் மருந்து, மூச்சு, எண்ணிக்கை ஒன்றும் கேட்பதற்கில்லை. பராமரித்த மகள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாளா என்று கேட்க வேண்டும். "ராவுல எழுப்பினாங்களே, அந்த ஒரு நாள் நான் எழும்பல்ல மிஸ்" என்று அவள் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.